பெட்ரோலை யார் குடித்தது?

பாலில் அரை ஆழாக்குத் தண்ணீர் கூடிவிட்டால், காப்பி நாக்கில் பட்ட மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடுகிறோம். மளிகைக் கடைச் சிட்டையில் பத்து ரூபாய் ஏறியிருந்தால் கடைக்கு ஆள் அனுப்புகிறோம். ஆனால் வாசலில் யானைக் குட்டி மாதிரி நிற்கிறதே எஸ்.யு.வி., அது மாதம் எவ்வளவு பெட்ரோல் குடிக்கிறது என்று கேட்டால், "அதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்" என்று சொல்லுகிற வீடுகள் அநேகம். 'அவரை'க் கேட்டாலோ, "பெரிய வண்டி, அப்படித்தான் குடிக்கும்" என்று பத்திரிகையைப் புரட்டுகிறார்.

அப்படித்தான் குடிக்குமா? மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடுகிற வண்டி ஒன்றை எடுத்துக் கொள்வோம். முன்பு லிட்டருக்கு 12 கிலோமீட்டர் கொடுத்தது. இப்போது 9தான் கொடுக்கிறது. அப்போது 83 லிட்டரில் நடந்த காரியத்துக்கு இப்போது 111 லிட்டர் வேண்டும். வித்தியாசம் 28 லிட்டர். லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்துக் கொண்டால் மாதம் 2,800 ரூபாய்! குழந்தையின் பாட்டு வாத்தியார் சம்பளம் புகையாய்ப் போகிறது.

முதலில் அந்த 9 நிஜம்தானா என்று பார்த்துவிட வேண்டும். ஸ்டியரிங்குக்கு முன்னால் மினுமினுக்கிற கணக்கை நம்ப வேண்டாம். அது சற்று முகஸ்துதி செய்யும். பங்கில் குழாய் தானாக நிற்கும் வரை டாங்கியை நிரப்பி, டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குங்கள். முக்கால் டாங்கி தீர்ந்ததும் அதே பங்கில் மறுபடியும் குழாய் தானாக நிற்கும் வரை நிரப்புங்கள். ஓடிய கிலோமீட்டரை இரண்டாவது தடவை பிடித்த லிட்டரால் வகுத்தால் உண்மை வந்துவிடும். மூன்று தடவை பார்த்தால் சந்தேகமே இராது. இதனிடையே பெட்ரோல் வாசனை அடித்தால், கணக்கெல்லாம் அப்புறம். வண்டியைக் கிளப்பாமல் மெக்கானிக்கை வாசலுக்கே வரவழையுங்கள்.

"எத்தனால் கலக்கிறார்களே, அதுதான் காரணம்" என்பது இந்நாளில் எல்லாரும் சொல்லும் சமாதானம். அதில் பாதி உண்மை உண்டு. எத்தனாலுக்குப் பெட்ரோலைவிடச் சக்தி மூன்றில் ஒரு பங்கு குறைவு. நூற்றுக்கு இருபது கலந்தால், பழைய வகைக் கார்களில் 6 முதல் 7 சதவிகிதம் குறையலாம் என்று நிதி ஆயோக் வெளியிட்ட 2021-ஆம் வருஷத்து அறிக்கையே சொல்லிற்று. ஆனால் 12 என்பது அதனால் 11 ஆகலாமே தவிர 9 ஆகாது. மீதியைத் திருடுகிற ஆசாமி வண்டிக்குள்ளேயே இருக்கிறான்.

டயரில் காற்றுக் குறைவு, குலதெய்வம் கோயிலுக்குப் போய் வந்த பிறகும் கழற்றாத கூரைக் கேரியர், பள்ளிக்கூட வாசலில் ஏ.ஸி.யைப் போட்டுக் கொண்டு காத்திருப்பது – இவர்கள் சில்லறைத் திருடர்கள். கடைசியில் சொன்னவர் மட்டும் கொஞ்சம் பெரிய கை. ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய ஒரு லிட்டரைத் தீர்த்துவிடுவார். டயருக்கு எவ்வளவு காற்று என்பது டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்தால் ஒட்டியிருக்கும் சீட்டில் இருக்கிறது. டயர் சூடேறுமுன் காலையில் பிடிக்க வேண்டும்.

"ஏர் பில்ட்டரை மாற்றிவிட்டால் மைலேஜ் ஏறிவிடும்" என்று சொன்னால் சிரித்துக் கொள்ளலாம். கார்புரேட்டர் வைத்த அம்பாஸிடர் காலத்தில் அது சரி. இப்போது உள்ளே போகிற காற்றை அளந்து அதற்குத் தக்கபடி கம்ப்யூட்டர் பெட்ரோலை விடுகிறது. பில்ட்டர் அடைத்தால் வண்டியின் வேகம்தான் மந்தமாகும். மைலேஜ் அவ்வளவாகக் குறையாது.

இன்னொருவன் வேடிக்கையான பேர்வழி. தெர்மோஸ்டாட் என்று பெயர். என்ஜினைச் சுமார் 90 டிகிரியில் வைத்திருப்பது அவன் வேலை. அவன் வாயைத் திறந்தபடியே மாட்டிக் கொண்டால், சென்னை வெயிலிலும் என்ஜினுக்குக் குளிர் விடாது. 'பாவம், இன்னும் சூடேறவில்லை' என்று கம்ப்யூட்டர் பெட்ரோலை அதிகமாக ஊட்டிக் கொண்டே இருக்கும். நம் ஊரில் சில மெக்கானிக்குகள், உஷ்ண தேசத்துக்கு இது எதற்கு என்று கழற்றியே எறிந்துவிடுவது உண்டு! நெடுஞ்சாலையில் போகும்போது சூடு காட்டும் முள் கீழே இறங்கினால் இவன்மேல் சந்தேகப்படலாம்.

புகைக் குழாயில் கரி, மஞ்சள் நிறத்தில் என்ஜின் விளக்கு – இவை தெரிந்தால் ஆக்ஸிஜன் சென்ஸாரைப் பார்க்க வேண்டும். டாஷ்போர்டின் அடியில் கருவியைச் செருகினால், கம்ப்யூட்டர் எவ்வளவு பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிறது என்பது எண்ணாகவே தெரியும். அந்த எண்ணைப் பார்க்காமல் "இதை மாற்றிப் பார்ப்போம், அதை மாற்றிப் பார்ப்போம்" என்கிறவரிடம் வண்டியை விடாதீர்கள்.

எல்லாரிலும் அபாயமானவன் பிரேக். மிதியை விட்ட பிறகும் சக்கரத்தை விடாமல் பிடித்துக் கொண்டிருப்பான். பிரேக்கை அதிகம் தொடாமல் இருபது நிமிஷம் ஓட்டி, மெதுவாக நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்துக்கும் அருகில் கையைக் கொண்டு போங்கள், தொட வேண்டாம். மூன்று சக்கரம் ஒரு மாதிரியாகவும் நாலாவது அடுப்பு மாதிரியும் இருந்தால் ஆசாமி அகப்பட்டான். சமதளத்தில் வண்டி தானாக உருளத் தயங்குவதும், கருகல் வாசனையும் கூடவே வரும். காலிப்பர் நழுவுகிற ஊசிகள் துருப்பிடித்துவிடுவது சாதாரணமாக நடக்கிறது. கடற்காற்று வீசும் ஊரில் கேட்கவே வேண்டாம். ஊசிகளைத் துடைத்து, பிரேக்குக்கென்றே உள்ள கிரீஸைத் தடவி, கிழிந்த ரப்பர் உறையை மாற்றினால் பெரும்பாலும் தீர்ந்தது. சாதாரணக் கிரீஸைப் போட விடாதீர்கள். ரப்பர் உப்பிப் போகும்.

இதைப் பெட்ரோல் செலவென்று மட்டும் நினைத்துத் தள்ளிப் போடக் கூடாது. சூடேறிய பிரேக்குடன் கோடை விடுமுறைக்குக் கொடைக்கானல் போய்விட்டு இறங்கும்போது, உள்ளே இருக்கிற பிரேக் திரவம் கொதித்துவிட்டால் மிதி பஞ்சு மாதிரி அமுங்கும், வண்டி நிற்காது. பின் ஸீட்டில் குழந்தைகள் இருப்பார்கள்.

பழுது பார்த்த பிறகு மறுபடியும் இரண்டு டாங்கிக்குக் கணக்கு எழுதுங்கள். பில்லைக் கொடுக்குமுன், கழற்றிய பழைய சாமான்களையும் ஒரு பையில் போட்டுக் கேட்டு வாங்கிக் கொள்ளுங்கள்.