சின்ன வேட்டை நாய் வளர்க்க ஆசையா? முதலில் ஓட இடம் இருக்கான்னு பாருங்க!

சிறுசேரி, நாவலூர், கேளம்பாக்கம் பக்கம் ஐ.டி. வேலைக்கு வந்து ஃபிளாட்டில் குடியேறும் பலருக்கு நாய் வளர்க்கும் ஆசை உண்டு. “லேப்ரடார் பெருசு, முடி வேற கொட்டும். ஒல்லியா, குட்டை முடியோட, அதிகம் குரைக்காத நாயா இருந்தா நல்லது” என்று தேடினால் கண்ணில் படுவது விப்பெட், இத்தாலியன் கிரேஹவுண்ட், நம்ம ஊர் சிப்பிப்பாறை. மூன்றுமே ‘சைட்ஹவுண்ட்’ வகை. அதாவது மோப்பம் பிடித்துத் தேடாமல், கண்ணால் பார்த்து விரட்டிப் பிடிக்கும் வேட்டை நாய்கள்.

எது எவ்வளவு சின்னது?

இத்தாலியன் கிரேஹவுண்ட்தான் இருப்பதில் சிறியது. உயரம் 32 முதல் 38 செ.மீ., எடை அதிகபட்சம் 5 கிலோ. சோஃபாவில் இருந்து தப்பாகக் குதித்தாலே முன்னங்கால் எலும்பு முறியும் ஆபத்து உண்டு. விப்பெட் 44 முதல் 51 செ.மீ. வரை வளரும்.

சிப்பிப்பாறையும் அதன் நெருங்கிய உறவான கன்னியும் தென் மாவட்டங்களில் முயல் வேட்டைக்குப் பழகியவை. வெயில் தாங்கும் உடம்பு. ஆனால், குட்டியாக இருக்கும்போது பார்த்து ஏமாறக் கூடாது. வளர்ந்தால் சுமார் இரண்டு அடி உயரம் வரும்.

ஃபிளாட்டில் சமாளிக்குமா?

சமாளிக்கும். வீட்டுக்குள் பெரும்பாலும் தூக்கம்தான். ஆனால் தினமும் நல்ல நடையும், அவ்வப்போது முழு வேகத்தில் ஓட ஒரு இடமும் வேண்டும். பத்து மணி நேரம் தனியாகப் பூட்டி வைத்தால் கதவைப் பிறாண்டும், செருப்பைக் கடிக்கும். “அடங்கவே மாட்டேங்குது” என்று கடைசியில் தெருவில் விடப்படும் நாய்களின் கதை பல நேரம் இங்கேதான் தொடங்குகிறது.

பக்கத்துலதான் பீச் இருக்கே?

கோவளம் முதல் மாமல்லபுரம் வரை மணல் இருக்கிறது, வேலி இல்லை. கடலை ஒட்டியே ஈசிஆர் ஓடுகிறது. விப்பெட் மணிக்கு 50 கி.மீ.க்கு மேல் ஓடும். பூனையோ ஆடோ கண்ணில் பட்டு விரட்டத் தொடங்கினால், பத்து வினாடியில் 130 மீட்டருக்கு மேல் போய்விடும். அந்த நேரத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பாது.

ஜனவரி முதல் ஏப்ரல் வரை இந்தக் கரையில் ஆலிவ் ரிட்லி ஆமைகள் முட்டையிட வரும். முட்டைக் குழிகளைத் தோண்டிவிடுபவற்றில் நாய்களும் உண்டு. ஆமைக்கும் முயலுக்கும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பு இருக்கிறது.

அதனால் பீச்சில் எப்போதும் லீஷ் கட்டாயம். மணல் சுடும் முன், அதிகாலையில் போவது நல்லது. அவிழ்த்துவிட, சுற்றுச்சுவர் உள்ள மனையை உரிமையாளரின் அனுமதியோடு பயன்படுத்தலாம். இந்த நாய்களுக்குத் தலை ஒடுக்கம். சாதாரண காலர் நழுவிவிடும். இழுத்தால் அளவாக இறுகும் ‘மார்ட்டிங்கேல்’ காலர் பாதுகாப்பானது.

வாங்கும் முன்...

2017-ஆம் ஆண்டு மத்திய விதிகளின்படி நாய் இனப்பெருக்கம் செய்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. பதிவுச் சான்றைக் கேளுங்கள். தாய் நாயையும் நேரில் பாருங்கள்.

உண்ணிக் காய்ச்சல் நம்ம ஊரில் சகஜம் என்பதால் மாதாமாதம் உண்ணி மருந்து அவசியம். சைட்ஹவுண்ட் உடம்பில் கொழுப்பு குறைவு. சில மயக்க மருந்துகளின் வீரியம் இறங்க நேரமாகும். அறுவை சிகிச்சை என்றால் இதை டாக்டரிடம் முன்பே பேசிவிடுங்கள்.

கடைசியாக ஒரு சின்ன டெஸ்ட். குட்டிக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன், ஒரு மாதம் தினமும் காலை 6 மணிக்கு எழுந்து, நாயை நடத்திச் செல்ல நினைக்கும் பாதையில் நீங்கள் மட்டும் நடந்து பாருங்கள். நைட் ஷிப்ட் முடிந்த நாளிலும், மழை நாளிலும் முடிந்தால் தாராளமாக வாங்கலாம். பாதியிலேயே நின்றுபோனால், இப்போதைக்கு வேண்டாம்.