சிறுநீரகமேற் சுரப்பிக் கட்டிகளும் சத்திரசிகிச்சைத் தெரிவுகளும்: ஒரு சமூக நோக்கு

புத்தளத்துக்கு வடக்கே, கலா ஓயாவை அண்டி, வில்பத்துக் காட்டின் விளிம்பில் அமைந்த கிராமம் எலுவன்குளம். இத்தகைய கிராமத்து உழைப்பாளி ஒருவரின் சிறுநீரகமேற் சுரப்பியிற் கட்டி இருப்பதாக ஸ்கான் அறிக்கை கூறினால் இரு வினாக்கள் எழும். அதனை அகற்ற வேண்டுமா? எவ்வழியில் அகற்றுவது? இவற்றுக்கு மருத்துவம் விடை கண்டுள்ளது. அவ்விடை நோயாளியின் மொழியில் அவரை வந்தடைகிறதா என்பதோ சமூக வினாவாகும். இரண்டையும் இணைத்தே நோக்குவோம்.

அதிரீனல் எனவும் வழங்கும் இச்சுரப்பி ஒவ்வொரு சிறுநீரகத்தின் உச்சியிலும் அமைந்தது. 4 முதல் 5 கிராம் நிறையே உடையது. எனினும் இரத்த அழுத்தத்தையும் உப்புச் சமநிலையையும் ஆளும் ஓமோன்களைச் சுரப்பது. இதில் தோன்றும் கட்டிகள் யாவும் அகற்றத்தக்கன அல்ல. ஓமோன் மிகையாகச் சுரக்காத, தீங்கற்ற தோற்றமுடைய சிறு கட்டியை விட்டுவிடலாம். மிகையாகச் சுரப்பதும் புற்றுநோய் ஐயத்துக்குரியதுமே பொதுவாக அகற்றப்படும். எனவே கத்திக்கு முன் இரத்த, சிறுநீர்ப் பரிசோதனைகள் இன்றியமையாதன. அதிரீனலின் வகை ஓமோன்களைப் பொழியும் கட்டியைத் தீண்டும்போது இரத்த அழுத்தம் உயிராபத்தாக ஏறக்கூடும். ஆதலால் 7 முதல் 14 நாள்வரை மருந்தால் அழுத்தத்தைக் கட்டுப்படுத்திய பின்னரே சத்திரசிகிச்சை நிகழும்.

வழிகள் பிரதானமாக மூன்று. முதலாவது, வயிற்றைத் திறந்து அகற்றல். பெருங்கட்டிக்கும், அயல் உறுப்புகளிற் பரவிய புற்றுக்கும் இன்றும் இதுவே ஏற்றது. இரண்டாவது, சிறு துளைகளினூடே ஒளிக்குழாயும் கருவிகளும் செலுத்தி அகற்றல். 1992 இல் மிசேல் காஞ்ஞே இம்முறையை வெளியிட்டார். நோவு குறைவு, வைத்தியசாலையில் தங்கும் நாளும் குறைவு. நாட்கூலியில் வாழ்பவனுக்கு இவ்வேறுபாடு உடலைச் சார்ந்தது மட்டுமன்று, அடுப்பெரிவதையும் சார்ந்தது. மூன்றாவது, அதே நுட்பத்தை முதுகுப்புறமாகக் கையாளல். முன்னர் வயிற்றுச் சத்திரசிகிச்சைக்கு உட்பட்டோர்க்கு இது நன்று. மிகப் பெரிய கட்டிக்கு இடம் போதாது. இருபுறமும் கட்டியுள்ள சிலரில், சுரப்பியின் ஒரு பகுதியைப் பேணிக் கட்டியை மட்டும் நீக்குவதுமுண்டு. இரு சுரப்பிகளையும் முற்றாக இழந்தவர் வாழ்நாள் முழுவதும் ஓமோன் மாத்திரை உட்கொள்ள வேண்டும். அதனை நிறுத்துவது உயிருக்கு ஆபத்தாகும்.

இவற்றைத் தமிழில் விளக்கவியலாது என்பார்க்கு வரலாறே மறுமொழி. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். 1867 இல் ‘இரண வைத்தியம்’ என்னும் சத்திரசிகிச்சை நூலைத் தமிழில் தந்தார். தமிழிற் கற்றோர் தம் ஊரிலேயே தொண்டாற்றுவர் என்பது அவரது எண்ணம். ஆயின் குடியேற்ற ஆட்சியில் உத்தியோகமும் ஊதியமும் ஆங்கிலத்தின் வாயிலாகவே கிடைத்தன. 1870 இற் கொழும்பில் தொடங்கிய மருத்துவக் கல்லூரியும் ஆங்கிலத்திலேயே இயங்கியது. கிறீன் 1873 இல் நாடு திரும்பிய பின் தமிழ்வழிக் கல்வி நிலைக்கவில்லை. சிறுநீரகமேற் கட்டியை அகற்றும் சத்திரசிகிச்சையோ 1889 இலேயே இலண்டனில் முதலில் நிகழ்ந்தது. ஆக, இத்துறை பிறந்த வேளையில் தமிழ் மருத்துவ வகுப்பு மூடப்பட்டிருந்தது. சொற்பஞ்சத்தாலன்று, பொருளாதார உறவுகளாலேயே தொடர்பு அறுந்தது.

இலங்கையின் அரசாங்க வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசம். அது மக்கள் பெற்ற பெரும்பேறு. ஆயினும் பொருள் விளங்காத படிவத்திற் கையொப்பமிடுபவர் சிகிச்சையைப் பெறுகிறாரேயன்றித் தெரிவைப் பெறுவதில்லை. எந்தக் கட்டி, எந்த வழி, பின்னர் எந்த மாத்திரை என்பவற்றை எலுவன்குளத்தார் தம் மொழியிற் கேட்டறியத்தக்க விளக்கவுரைகளை மருத்துவரும் தமிழறிஞரும் கூடி ஆக்குதல் வேண்டும். தமிழாய்வு மக்கட் சார்புடையது என நாம் உரிமை பாராட்டுவதாயின், இப்பணி அதன் எல்லைக்குப் புறம்பானதன்று.