உங்களுக்குத் தெரியுமா? மடிப்புக் கேமராவின் சிவப்புச் சன்னல்

சைஸ் இக்கான் நெட்டார், ஆக்ஃபா ஐசோலெட் போன்ற பழைய ஜெர்மன் மடிப்புக் கேமராக்கள், துருத்தியை உள்ளே தள்ளி மூடினால் கோட்டுப் பைக்குள் அடங்கிவிடும். இவற்றில் போடும் 120 ஃபிலிம் சுருளைக் கோடாக் நிறுவனம் 1901-இல் அறிமுகப்படுத்தியது. ஒரு சுருளில் 6×6 செ.மீ. அளவில் 12 படங்கள். 6×9 என்றால் எட்டுதான். ஊட்டியில் 1960-இல் தொடங்கப்பட்ட இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் நிறுவனமும் ‘இந்து’ என்ற பெயரில் கறுப்பு வெள்ளை ஃபிலிம் தயாரித்தது, தமிழ்நாடு மறந்துவிடக்கூடாத உழைப்பு அது.

கேமராவின் முதுகிலுள்ள சிவப்புச் சன்னலில் தெரியும் எண்ணைப் பார்த்தே ஃபிலிமை நகர்த்த வேண்டும். தொடக்ககால ஃபிலிம்களைச் சிவப்பு ஒளி பாதிக்காது. பின்னர் வந்த பாங்க்ரோமேட்டிக் ஃபிலிம்களைப் பாதிக்கும். ஆகவே சங்கரன்கோவில் ரத வீதி வெயிலில் ஆடித்தபசுத் திருவிழாவைப் படமெடுப்பவர் நிழலுக்கு ஒதுங்கிச் சுருளை நகர்த்துவதே நல்லது. 100 ஐஎஸ்ஓ ஃபிலிமுக்கு அந்த வெயிலில் எஃப் 16, 1/100 நொடி போதும்.

மற்றொரு ஆபத்து துருத்தியின் மூலைகளில் விழும் ஊசித்துளை. இருட்டறையில் உள்ளே டார்ச் அடித்தால் துளை ஒளிப்புள்ளியாகத் தெரிந்துவிடும்.