‘தர்மத்துக்கு’ என்று எழுதினால் போதுமா? பெரியபாளையத்தில் பிறந்தவரின் உயில் சொல்லும் பாடம்

ஆடி மாதம் வந்தால் பெரியபாளையம் பவானி அம்மன் கோயிலில் கால் வைக்க இடம் இருக்காது. அந்த ஊரோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய இன்னொரு பெயர் உண்டு: பச்சையப்ப முதலியார். கணவரை இழந்த அவருடைய தாய், வயிற்றுப் பிள்ளையோடு அடைக்கலம் தேடி வந்த ஊர் பெரியபாளையம். 1754-ல் பிறந்த அந்தப் பிள்ளை, பின்னாளில் சென்னையில் துபாஷாக இருந்து பெரும் செல்வம் சேர்த்தார்.

1794 மார்ச் 22 அன்று உயில் எழுதினார். ஒன்பதே நாளில், மார்ச் 31 அன்று, திருவையாற்றில் காலமானார். கோயில் காரியங்களுக்கும் தர்மங்களுக்கும் தன் செல்வத்தை எழுதி வைத்திருந்தார். ஆனால் குடும்பத்தில் தகராறு, வழக்கு. பல ஆண்டுகள் அந்தப் பணம் தர்மத்துக்குப் போய்ச் சேரவே இல்லை. வட்டியோடு வளர்ந்துகொண்டே இருந்தது.

கடைசியில் அரசின் அட்வகேட் ஜெனரல் தலையிட, அன்றைய மெட்ராஸ் சுப்ரீம் கோர்ட் ஒரு வழி கண்டது. உயிலில் சொன்ன கோயில் தர்மங்களுக்கு ஒரு பங்கை ஒதுக்கிவிட்டு, மீந்த தொகையைக் கல்விக்குத் திருப்பியது. 1842-ல் பள்ளிக்கூடம் திறந்தது. 1889-ல் அது முதல்நிலைக் கல்லூரியானது. பச்சையப்பன் கல்லூரி இன்று நிற்பதற்கு அந்த ஏற்பாடுதான் காரணம்.

உயிலில் சொல்லாததை நீதிமன்றம் எப்படிச் செய்யலாம் என்று கேட்கிறீர்களா? எழுதியவரின் மனதில் தர்ம நோக்கம் இருப்பது தெளிவு. அதை அப்படியே நிறைவேற்ற முடியாமல் போனாலோ, நிறைவேற்றியும் பணம் மீந்தாலோ, அந்த நோக்கத்துக்கு மிக நெருக்கமான வேறொரு காரியத்துக்கு அதைப் பயன்படுத்த நீதிமன்றம் உத்தரவிடலாம். சட்டத்தில் இதற்கு ‘சை பிரே’ கோட்பாடு என்று பெயர்.

கைவிட்டுப் போன தர்மம்

எல்லா உயிலுக்கும் இந்த அதிர்ஷ்டம் இல்லை. பம்பாயில் ஒருவர் தன் சொத்தை ‘தரம்’, அதாவது தர்மத்துக்கு என்று மட்டும் எழுதி வைத்தார். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. 1899-ல் தீர்ப்பு வந்தது: அந்த ஏற்பாடு செல்லாது. தர்மம் என்றால் கடமையும்தான், நீதியும்தான், புண்ணியமும்தான், தானமும்தான். எதைச் செய்யச் சொன்னார் என்று எந்த நீதிமன்றமும் மேற்பார்வை செய்ய முடியாது என்றார்கள். சொத்து தர்மத்துக்குப் போகவில்லை.

நோக்கம் தெளிவாக இருந்தும் தோற்றதுண்டு. நம் பக்கத்துப் பெண்மணி ஒருவர், கணவரின் சமாதியில் நிரந்தரமாகப் பூஜை நடக்க செட்டில்மென்ட் எழுதி வைத்தார். 1953-ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. தனி ஒருவரின் சமாதி வழிபாட்டை, சொத்தை நிரந்தரமாகக் கட்டிவைக்கும் அளவுக்கு சட்டம் அங்கீகரித்த அறக்காரியமாகக் கருத முடியாது என்றது.

நீதிமன்றம் எப்படிப் படிக்கும்?

1925-ம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் உயில் எழுதுபவரிடம் கொஞ்சம் கருணையாகவே நடந்துகொள்கிறது. வக்கீல் பாஷை தேவையில்லை. மனதில் உள்ளது புரிந்தால் போதும் என்கிறது 74-ம் பிரிவு. பெயரைச் சற்றுத் தவறாக எழுதிவிட்டீர்களா? யாரைச் சொன்னீர்கள் என்பது தெரிந்தால், 76-ம் பிரிவின்படி அந்தப் பிழையால் தானம் கெடாது.

‘எங்கள் தெரு பிள்ளையார் கோயிலுக்கு’ என்று எழுதியிருக்கிறீர்கள். தெருவின் இரண்டு முனையிலும் பிள்ளையார் இருக்கிறார். எந்தப் பிள்ளையார் என்பதைச் சாட்சி வைத்து நிரூபிக்க 80-ம் பிரிவு இடம் தருகிறது. ஆனால் ‘ரூபாய் 5 லட்சம் ________க்கு’ என்று பெயரையே எழுதாமல் விட்டால், எத்தனை சாட்சி வந்தாலும் அந்த இடத்தை நிரப்ப முடியாது. அது 81-ம் பிரிவு. எண்ணம் என்னவென்றே புரியாவிட்டால், 89-ம் பிரிவின்படி அந்த ஏற்பாடு செல்லாது.

சுருக்கமாகச் சொன்னால் இதுதான்: ‘எப்படி’ என்பதை நீதிமன்றம் நிரப்பித் தரும். ‘எதற்கு’ என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

நம் வீட்டு உயிலில்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டைச் சுற்றி, திருவள்ளூர் சாலையோரங்களில், முன்பு நெல் விளைந்த நிலம் இன்று மனையாகி நிற்கிறது. விலை ஏற ஏற, வாரிசுகள் உயிலின் ஒவ்வொரு சொல்லையும் உரசிப் பார்ப்பார்கள். தாத்தா ‘ஒரு ஏக்கரைத் தர்மத்துக்கு விடுகிறேன்’ என்று எழுதிய காலத்தில் அது வெறும் நிலம். இன்று அது ஒரு வழக்கு.

அதனால் தர்மத்துக்கு எழுதும்போது இவற்றைக் கவனியுங்கள்:

* ‘நல்ல காரியங்களுக்கு’ என்று நிறுத்தாதீர்கள். ‘எங்கள் ஊர் அரசுப் பள்ளியில் படிக்கும் ஏழைப் பிள்ளைகளின் மேற்படிப்புக்கு’ என்று எழுதுங்கள்.
* எந்த நிலம், எந்தக் கணக்கு, எவ்வளவு என்பதைச் சர்வே எண்ணோடு குறிப்பிடுங்கள்.
* அமைப்புக்குக் கொடுத்தால் முழுப்பெயரும் முகவரியும் எழுதுங்கள். அது மூடப்பட்டிருந்தால் அதே நோக்கமுள்ள வேறு அமைப்புக்குப் போகட்டும் என்று ஒரு வரி சேருங்கள்.
* உயிலை நிறைவேற்றப் போகிறவர் யார் என்று பெயர் சொல்லுங்கள். இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட்டே ஆக வேண்டும். பதிவு கட்டாயமில்லை, செய்தால் நல்லது.

ஊருக்கு எழுதி வைத்த தர்மச் சொத்து வீணாகிறது என்றால், ஊர்க்காரர்களுக்கும் வழி உண்டு. சிவில் நடைமுறைச் சட்டத்தின் 92-ம் பிரிவின்படி, அட்வகேட் ஜெனரல் வழக்குத் தொடரலாம்; அல்லது அந்த அறக்கட்டளையில் அக்கறை உள்ள இரண்டு பேராவது நீதிமன்ற அனுமதி பெற்று வழக்குத் தொடரலாம்.

பச்சையப்பரின் தர்மத்துக்காக வாதாட அன்று ஓர் அட்வகேட் ஜெனரல் இருந்தார். அப்படியும் பள்ளிக்கூடம் திறக்க 48 ஆண்டுகள் ஆயின. நம் தர்மம் அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டாமே! தெளிவாக இன்னும் இரண்டு வரி கூடுதலாக எழுதிவிட்டுப் போவோம்.