சீட்டும் ஓட்டும் – 9: கீழூரில் வாக்களித்த 178 பேர்

புதுச்சேரியின் வில்லியனூர் கொம்யூனில் இருக்கிறது கீழூர். பிரெஞ்சிந்தியா இந்தியாவோடு இணைவதா வேண்டாமா என்று 1954 அக்டோபர் 18 அன்று அங்கே வாக்களித்தவர்கள் 178 பேர். 170 பேர் இணைப்பை ஆதரித்தார்கள், 8 பேர் எதிர்த்தார்கள். பிரதிநிதி சபை உறுப்பினர்களும் கொம்யூன்களின் கவுன்சிலர்களும்தான் அந்த 178 பேர். ஒரு மண் எந்த நாட்டோடு சேரும் என்று தீர்மானித்த கவுன்சிலர் பதவிக்கு, அதே வில்லியனூரில் இன்று ஆளில்லை. 1968க்குப் பிறகு 38 ஆண்டுகள் கழித்து, 2006இல்தான் புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. 2011இல் அந்த மன்றங்களின் காலம் முடிந்தது. வில்லியனூர் கொம்யூனானாலும் பாகூர் கொம்யூனானாலும், அதன் பிறகு ஆணையர் ஆட்சிதான்.

புதுச்சேரியின் சிறிய கட்சிகள் தேர்தல் சீர்திருத்தம் என்றால் விகிதாசாரப் பிரதிநிதித்துவத்தைத்தான் பேசுகின்றன. நியாயமான கோரிக்கை, ஆனால் சட்டமன்றத்துக்கு அது வர நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்த வேண்டும். உள்ளாட்சித் தேர்தலுக்குப் புதுச் சட்டம் எதுவும் வேண்டாம், ஐந்தாண்டுக்கொருமுறை நடத்து என்று அரசியலமைப்பே சொல்லியிருக்கிறது. சிறிய கட்சிகள் முதலில் கைகோக்க வேண்டிய இடம் இதுவே. 2021 சட்டமன்றத் தேர்தலில் மதச்சார்பற்ற கூட்டணியில் இந்திய கம்யூனிஸ்ட் கட்சிக்கும் விடுதலைச் சிறுத்தைகளுக்கும் ஆளுக்கொரு தொகுதி கிடைத்தது. தட்டாஞ்சாவடி, உழவர்கரை என இரண்டுமே நகரத்தை ஒட்டியவை, இரண்டிலும் தோல்வி. அதே தேர்தலில் சுயேச்சைகள் 6 பேர் வென்றார்கள். தொகுதிக்குச் சராசரியாக 33 ஆயிரம் வாக்காளர்கள் இருக்கும் ஊரில் சொந்தச் செல்வாக்குள்ள தனிமனிதர் ஜெயித்துவிடலாம். கிராமத்துக்குப் பத்து வீடு வைத்திருக்கும் கட்சியால் முடியாது. அந்தப் பத்து வீடு கணக்கில் வருவது உள்ளாட்சி வார்டில்தான்.

கூட்டணித் தலைமையைப் பகைத்துக்கொண்டு சிறிய கட்சி பிழைக்குமா என்பார்கள். கூட்டணியை விட்டு வெளியேறச் சொல்லவில்லையே; இரு அணியிலும் உள்ள சிறிய கட்சிகள் உள்ளாட்சித் தேர்தல் என்ற இந்த ஒன்றுக்கு மட்டும் ஒரே மனுவில் கையெழுத்திடலாம். பெரிய கட்சிகளுக்கு இதில் அவசரம் இல்லை. வாய்க்கால் அடைத்தாலும் தெருவிளக்கு எரியாவிட்டாலும் ஜனங்கள் எம்.எல்.ஏ. வீட்டு வாசலில்தான் நிற்கிறார்கள். அந்தக் கூட்டத்தைக் கவுன்சிலருக்குப் பங்கு போட்டுக் கொடுக்க எந்த எம்.எல்.ஏ.வுக்கு மனசு வரும்? இன்னொரு ஆட்சேபம் கனமானது. 2021இல் அறிவித்த உள்ளாட்சித் தேர்தல், பிற்படுத்தப்பட்டோர் இடஒதுக்கீட்டுச் சிக்கலில்தான் நின்றது. ஒதுக்கீடு இல்லாமல் தேர்தல் கூடாது என்று கட்சிகள் சொன்னது சரியான நிலைப்பாடே. ஆனால் தனி ஆணையம், உள்ளாட்சிவாரியான தரவு, மொத்தம் 50 விழுக்காட்டுக்குள் என்று உச்ச நீதிமன்றம் வழியும் சொல்லியிருக்கிறது. ஒதுக்கீட்டைக் கேட்டவர்கள் அந்தக் கணக்கெடுப்புக்குக் காலக்கெடுவையும் சேர்த்துக் கேட்டிருக்க வேண்டும். அதை விட்டதில் சிறிய கட்சிகளுக்கும் பங்கு உண்டு.

2006 தேர்தல் நடந்த ஆண்டில் பாகூரில் பிறந்த பிள்ளைக்கு 2024இலேயே 18 வயது ஆகிவிட்டது.