கட்டில் திரையான சீட்டித் துணி

சீட்டித் துணி என்றால் நம் பாட்டிமார் காலத்தில் எளியவர்களின் பாவாடைத் துணி. ஒரு காலத்தில் அதே துணிக்காக லண்டனின் புகழ்பெற்ற நடிகர் ஒருவர் அதிகாரிகளிடம் மன்றாட வேண்டியிருந்தது.

அவர் டேவிட் கேரிக். ஹாம்ப்டன் மாளிகையில் மனைவியின் கட்டிலுக்காகக் கல்கத்தா வணிகர்கள் பரிசளித்த இந்தியப் பூந்துணியை 1775இல் சுங்கத் துறை பறிமுதல் செய்தது. கம்பளி, பட்டு நெசவாளர்களின் நெருக்குதலால் பிரிட்டனில் இந்தியச் சீட்டிக்குத் தடை இருந்தது. 1719இல் லண்டன் தெருக்களில் பெண்கள் உடுத்தியிருந்த சீட்டியை நெசவாளர்கள் கிழித்தெறிந்தார்கள். பிரான்சில் 1686 முதல் 1759 வரை தடை. ஆனாலும் மன்னரின் காதலி பொம்பதூர் சீமாட்டி தன் பெல்வ்யூ மாளிகையை அதே துணியால் அலங்கரித்தார். சட்டத்தை மீற முடிந்தவர் வீட்டில் தொங்கியதாலேயே அந்தத் திரைக்கு மதிப்பு ஏறியது என்பேன்.

மதிப்புக்கு வேறு காரணமும் உண்டு: துவைத்தாலும் சாயம் போகாது. சோழமண்டலக் கரையில் துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் நனைப்பார்கள். பிறகு படிகாரக் கரைசலால் பூவை எழுதி, சாயவேரோடு கொதிக்கவிடுவார்கள். படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவக்கும். நீலம் வேண்டுமென்றால், மற்ற இடங்களில் மெழுகு பூசி அவுரித் தொட்டியில் முக்குவார்கள். இவ்வளவையும் சாயக்காரர்களிடம் கேட்டறிந்து, 1742இல் பிரான்சுக்கு எழுதி அனுப்பினார் கேர்தூ பாதிரியார்.

பிரான்சில் தடை நீங்கியதும், வெர்சாய் அருகே ஜூயி ஊரில் 1760இல் ஓபர்காம்ஃப் அச்சுப்பட்டறை தொடங்கினார். செப்புத் தகட்டில் ஆடு மேய்ப்பவர்களையும் மரங்களையும் செதுக்கி ஒரே நிறத்தில் அச்சிட்டார். 1783இல் அரச ஆலை என்ற பட்டமும் கிடைத்தது. பிறகு உருளை அச்சு வந்தது. நாளெல்லாம் கையால் அச்சடித்த அளவை உருளை சட்டென்று முடித்துவிட, சாதாரண வீட்டு ஜன்னலிலும் பூக்கள் தொங்கின. அதோடு மேட்டுக்குடியினரின் பார்வையும் மாறியது. 1851இல் எழுத்தாளர் ஜார்ஜ் எலியட் ஒரு கடிதத்தில், மலிவாகத் தெரியும் துணியைக் குறிக்கச் சீட்டியின் ஆங்கிலப் பெயரையே அடைமொழியாக்கினார்.

இந்த மலிவுக்கு மாறாக, ஆங்கில வடிவமைப்பாளர் வில்லியம் மோரிஸ் பழையபடி கையச்சுக்கும் அவுரிக்கும் திரும்பினார். 1883இல் அவர் வரைந்த, ஸ்ட்ராபெரி திருடும் பறவைகளின் துணியை அச்சிடப் பல நாட்கள் பிடித்தன. வசதி படைத்தவர்களே வாங்க முடிந்தது.

கேரிக்கின் கட்டிலும் திரைத் துணியும் இன்று லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளன. கட்டில் சிப்பெண்டேல் பட்டறையில் செய்யப்பட்டது என்பது பதிவாகியிருக்கிறது. துணியில் பூ எழுதிய நம் கரையின் கைவினைஞர் யாரென்று தெரியவில்லை.