மண்வெட்டிக் காம்பும் நம் இடுப்பும்

காவேரியில் தண்ணீர் வருகிறது என்றால் எங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்தில் எல்லோர் முகத்திலும் ஒரு தெளிச்சி வந்துவிடும். வழக்கப்படி ஜூன் 12-ல் மேட்டூர் அணையைத் திறந்து, தண்ணீர் கல்லணை தாண்டி எங்கள் வாய்க்காலுக்கு வருவதற்குள் வரப்பை வெட்டி, மடையைச் சீர்செய்து, நாற்றங்காலைத் தயாராக்கி விட வேண்டும். டிராக்டர் வந்துவிட்டது, நடவு மெஷினும் வந்துவிட்டது. ஆனால் வரப்போரம், வயல் மூலை, வாய்க்கால் மடை இவையெல்லாம் இன்றைக்கும் மண்வெட்டியின் பாடுதான்.

முன்பெல்லாம் மண்வெட்டி என்றால் ஆண்பிள்ளைகள் சாமான். வீட்டு ஆண்கள் திருப்பூர், துபாய் என்று பிழைப்புக்குப் போய்விட்ட பிறகு அது பெண்கள் கைக்கு வந்திருக்கிறது. 2005-ல் சட்டமாகி வந்த நூறு நாள் வேலையில் குளமும் வாய்க்காலும் வெட்டியவர்களில் நம் தமிழ்நாட்டில் பெரும்பாலோர் பெண்களே. வயல் இல்லாத வீட்டில் மட்டும் என்ன, வாழைக்கு மண் அணைக்கவும், கொல்லையில் தேங்கும் தண்ணீருக்கு வழி வெட்டவும் நாம்தானே போகிறோம்?

இத்தனை பெண்கள் பிடிக்கிற சாமானை யார் உடம்புக்கு அளவெடுத்துச் செய்தார்கள் என்று நான் யோசிக்கக் காரணம், எங்கள் வயல் வேலைக்கு வரும் ஓர் அக்கா. ஐம்பதைத் தாண்டியவர். டாக்டர் அவரிடம், "குனியாதீங்க, பாரம் தூக்காதீங்க" என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். அவர் என்னிடம் வந்து, "குனியாத வேலை நம்ம ஊர்ல எதும்மா இருக்கு? குனியாட்டி கூலி யாரு குடுப்பா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. கல்லூரியில் படிக்கும் என் மகனைத் தேடித் தரச் சொல்லியும், பட்டறையில் போய் விசாரித்தும் நான் தெரிந்துகொண்டவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் இடுப்பில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். முதுகெலும்புக் கண்ணிகளுக்கு நடுவே மெத்தை மாதிரி வட்டுகள் இருக்கின்றன. ஸ்வீடனைச் சேர்ந்த நாக்கெம்சன் என்ற எலும்பு மருத்துவர் 1960-களில், சம்மதித்து வந்தவர்களின் இடுப்பு வட்டுக்குள் ஊசி செலுத்தி, எந்த நிலையில் எவ்வளவு அழுத்தம் என்று அளந்தார். நேராக நிற்கும்போது அழுத்தம் 100 என்று வைத்துக்கொண்டால், மல்லாந்து படுக்கும்போது 25 தான். முன்னால் குனிந்து நின்றால் 150. குனிந்தபடியே கையில் பாரமும் இருந்தால் 220! பாரம் இல்லாவிட்டாலும் குனிவதே ஒரு சங்கடம் என்பது இதில் தெரிகிறதல்லவா? அதிலும் மண்ணை வாரி எறியும்போது இடுப்பை ஒரு முறுக்கு முறுக்குகிறோமே, வட்டுக்கு அதைவிடக் கெடுதல் வேறில்லை.

நம் ஊர் மண்வெட்டிக் காம்பு பெரும்பாலும் இரண்டு, இரண்டேகால் அடிதான் இருக்கும். அந்தக் காம்பைப் பிடித்தால் இடுப்பை மடித்தே ஆக வேண்டும். குட்டையாக வைத்ததற்குக் காரணம் இல்லாமல் இல்லை. சேற்றில் நின்று ஆழமாக வெட்டுகிறவருக்கு அதில் நல்ல வேகம் கிடைக்கும், குறி தப்பாது. ஆனால் எல்லா வேலையும் ஆழமாக வெட்டுகிற வேலையா?

இதே வழக்கு அமெரிக்காவில் கோர்ட்டு வரைக்கும் போயிருக்கிறது என்றால் நம்புவீர்களா? கலிபோர்னியாவில் கீரைத் தோட்டங்களிலும் பீட்ரூட் வயல்களிலும் மெக்சிகோக்காரக் கூலியாட்களுக்கு ஒரு முழ நீளக் காம்புள்ள கொத்தியைக் கொடுத்து நாள் முழுக்கக் குனிய வைத்தார்கள். அவர்கள் அதற்கு வைத்த பேருக்கே 'குட்டை' என்றுதான் அர்த்தம். நீளக் காம்பு கொடுத்தால் பயிர் வெட்டுப்பட்டுவிடும் என்பது முதலாளிகள் வாதம். ஆட்கள் சொன்ன காரணம் வேறு: குட்டைக் காம்பு இருந்தால் யார் நிமிர்ந்து நிற்கிறார்கள் என்று மேஸ்திரிக்குத் தூரத்திலிருந்தே தெரிந்துவிடுமாம். கடைசியில், முதுகைக் கெடுக்கும் இந்தக் குட்டைக் கொத்தி பாதுகாப்பற்ற கருவி அல்ல என்று அதிகாரிகள் தட்டிக் கழித்தது தவறு என்று 1975 ஜனவரியில் அந்த மாநில உச்ச நீதிமன்றம் சொல்ல, அதோடு அந்தக் கொத்தி ஒழிந்தது. கருவியே வேண்டாம், கையாலேயே களை பறியுங்கள் என்று சில தோட்டங்களில் மறுபடி குனிய வைத்தார்கள். அதற்கும் 2004-ல் கட்டுப்பாடு கொண்டு வந்தார்கள். நிமிர்ந்து நின்றால் வேலை செய்யவில்லை என்று நினைக்கிற புத்தி கடல் கடந்தும் இருக்கிறது பாருங்கள்! நம் வீடுகளில் மட்டும் என்ன? நீளக் குச்சி கட்டிய விளக்குமாற்றால் மருமகள் வாசல் கூட்டினால், "நோகாமல் கூட்டுகிறாள்" என்று சொல்ல நாலு பேர் இருக்கிறார்கள். நோகாமல் கூட்டினால் வாசல் சுத்தமாகாதா?

எங்கள் ஊருக்குப் பக்கத்துக் கொல்லுப்பட்டறைக்கு அந்த அக்காவையும் அழைத்துக்கொண்டு போனேன். "ஆசாரியாரே, இந்த மண்வெட்டிக்கு மூன்றரை அடியில் காம்பு போட்டுத் தர முடியுமா?" என்று கேட்டதும் அவர் சிரித்தார்.

"காம்பை மட்டும் நீட்டினா மண்ணை வழிக்கும்மா, வெட்டாது" என்றார். பிறகு ஒரு குச்சியை எடுத்துத் தரையில் கோடு போட்டே விளக்கினார். குட்டைக் காம்பு தரைக்குக் கிட்டத்தட்டப் படுத்த மாதிரி இருக்கும். அதனால் தகடு உள்பக்கம் மடங்கியிருந்தாலும் மண்ணில் இறங்கும். காம்பு நீளமானால் அது செங்குத்தாக நிற்கும். அப்போது அதே தகடு தரையோடு படிந்து சுரண்டும். ஆகவே தகட்டுக்கும் காம்புக்கும் நடுவில் உள்ள கோணத்தைக் கொஞ்சம் விரிக்க வேண்டும். காம்பு நுழையும் வளையத்தை நெருப்பில் காய்ச்சித் தட்டி அதை விரித்துக் கொடுத்தார்.

அக்காவை நிற்கச் சொல்லி, காம்பை அவர் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தார். நுனி இடுப்புக்கும் மார்புக்கும் நடுவே வந்தது. அந்த இடத்தில் அறுத்தார். நல்ல பூவரசங் காம்பு. கை வலிக்காமல் பிடிக்க வேண்டும் என்று, விரல்கள் சுற்றிக் கட்டைவிரலைத் தொடுகிற பருமனுக்கு இழைத்தார். கடையில் வாங்கும் காம்புகள் ஆண்கள் கைக்கு ஏற்ற பருமன்; பெண்கள் இறுக்கிப் பிடித்துப் பிடித்தே முன்கை வலி வந்துவிடுகிறது. காம்புக்கும் கூலிக்குமாக நானூறு ரூபாய் ஆயிற்று.

அந்த மண்வெட்டியால் வரப்போரப் புல் செதுக்குவது, மடை திறப்பது, பாத்திக்கு மண் அணைப்பது எல்லாம் முக்கால் பாகம் நிமிர்ந்தே செய்ய முடிகிறது. முதல் இரண்டு நாள் கை பழகாமல் அக்கா முணுமுணுத்தார். ஒரு வாரத்தில் பழைய மண்வெட்டியைத் தொடவில்லை. ஆனால் ஒன்று. காய்ந்து இறுகிய களியை ஆழமாக வெட்டுவதற்கு இது உதவாது. ஓங்கும்போது நீளக் காம்பு தோளை இழுக்கும். அந்த வேலைக்கு முதல் நாள் தண்ணீர் விட்டு மண்ணை இளக்கிக்கொள்வதே சரி.

காம்பைப் போலவே தகடும் முக்கியம். நம் டெல்டாக் களிமண் ஈரத்தோடு ஒரு கன அடி ஏறக்குறைய 50 கிலோ கனக்கும். அகலத் தகட்டில் அதை வாரினால் என்ன ஆகும்? அமெரிக்காவில் பெத்லஹேம் எஃகு ஆலையில் ஃபிரடெரிக் டெய்லர் என்பவர் இதை ஆராய்ந்து 1911-ல் புத்தகத்தில் எழுதினார். அங்கே ஆட்கள் ஒரே சாவளால் எல்லாவற்றையும் வாரினார்கள். பொடி நிலக்கரி என்றால் ஒரு வாருக்கு ஒன்றரைக் கிலோ, இரும்புத் தாது என்றால் 17 கிலோ! (அந்தப் பொடி நிலக்கரிக்கு அங்கே 'அரிசிக் கரி' என்று பெயராம்.) வாருக்கு 21 பவுண்டு, அதாவது ஒன்பதரைக் கிலோ, வருகிற மாதிரி ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அளவில் சாவள் செய்ய வைத்தார். கனமான பொருளுக்குச் சின்னச் சாவள் என்ற கணக்கு நமக்கும் பொருந்தும். ஆனால் அந்த ஒன்பதரைக் கிலோ, திடகாத்திரமான ஆண்களிடம் கம்பெனிக்கு அதிக வேலை வாங்குவதற்காகப் போட்ட கணக்கு. பெண்கள் அதில் பாதியோடு நிறுத்திக்கொண்டால் நல்லது. சட்டியையும் பாதி நிரப்பி இரண்டு நடை நடப்பதே மேல்.

வீடு கட்டும் இடத்தில் மணலும் ஜல்லியும் வாரும் சாவள் இருக்கிறதே, அதற்கும் வழி கண்டிருக்கிறார்கள். காம்பின் நடுவில் இன்னொரு கைப்பிடியை மேல் நோக்கி வைத்த சாவளை அமெரிக்காவில் சோதித்து 1993-ல் ஆய்வு வெளியிட்டார்கள். கீழ்க்கை தரைவரை இறங்க வேண்டியதில்லை என்பதால் இடுப்புத் தசைகளின் சிரமம் குறைந்ததாக அதில் தெரிந்தது. அதே நாட்டில் ஆன் ஆடம்ஸ், லிஸ் பிரென்சிங்கர் என்ற இரண்டு பெண்கள், பெண்கள் உடம்புக்கென்றே சாவள் செய்வதற்காக 2008-ல் கிரீன் ஹெரான் டூல்ஸ் என்று ஒரு கம்பெனி தொடங்கினார்கள். காலால் மிதிக்க அகலமான படி, இரண்டு கையும் நுழைகிற பெரிய பிடி, ஆள் உயரத்துக்குத் தக்கபடி காம்பு என்று அதை வடிவமைத்தார்கள். ஆண்கள் சாவளைச் சின்னதாக்கிப் பெண்கள் சாவள் என்று விற்காமல், பெண்கள் எப்படி நின்று வெட்டுகிறார்கள் என்று பார்த்துச் செய்தார்களே, அதைத்தான் பாராட்ட வேண்டும்.

நம் நாட்டிலும் சும்மா இருக்கவில்லை. போபாலில் 1976-ல் தொடங்கிய மத்திய வேளாண் பொறியியல் நிறுவனம், கோவை வேளாண் பல்கலைக்கழகம் போன்ற இடங்களோடு சேர்ந்து, விவசாயத் தொழிலாளிகளின் உடம்பில் 79 அளவுகளை எடுத்தது. பலத்தையும் அளந்தார்கள். தையற்காரர்கூட இவ்வளவு அளவு எடுக்க மாட்டார்! நம் உழைக்கும் பெண்களின் சராசரி உயரம் ஏறக்குறைய ஐந்தடி. ஆண்களைவிட நாலைந்து அங்குலம் குறைவு. பலமோ ஆண்களுடையதில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு. அப்படியிருக்க இருவருக்கும் ஒரே மண்வெட்டி எப்படிச் சரியாகும்?

அந்த நிறுவனம் செய்த கருவிகளில் எனக்குப் பிடித்தது, கையால் இழுத்துப் பார் கட்டும் கருவி. உழுத மண்ணில் ஒரு பெண் பிடியைப் பிடித்து நடத்த, இன்னொரு பெண் முன்னால் இழுத்துக்கொண்டு போவார். குனிந்து மண்வெட்டியால் பார் அணைக்கும் வேலையை இருவரும் நடந்தபடியே முடித்துவிடலாம். படுகை நிலத்தில் காய்கறி போடுகிற வீடுகளுக்கு நல்ல உபயோகம். இழுப்பது ஒன்றும் நமக்குப் புதிதில்லை. களத்தில் நெல் குவிக்கும்போது பலகையில் கயிறு கட்டி ஒருவர் இழுக்க, ஒருவர் அழுத்திப் பிடிப்பதைப் பார்த்திருப்பீர்களே? கொரியாவில் மண் வெட்டும் சாவளுக்கே இரண்டு பக்கமும் கயிறு கட்டி, ஒருவர் காம்பைப் பிடிக்க இருவர் இழுக்கிற பழக்கம் உண்டு. சாவளின் கழுத்தில் ஒரு கயிற்றைக் கட்டினால் பாதிப் பாரம் எதிரில் நிற்பவருக்குப் போய்விடும். செலவில்லாத வழி.

எந்தக் கருவியானாலும், மண்ணைப் போடும் திசைக்கு இடுப்பைத் திருப்பாமல் காலை எடுத்து வைத்துத் திரும்புங்கள். அரை மணிக்கு ஒரு தடவை இடக்கை வலக்கை மாற்றிப் பிடியுங்கள். நிமிர்ந்து, கையை இடுப்பில் ஊன்றி இரண்டு முறை பின்னால் சாய்ந்துவிட்டு மறுபடி தொடங்கலாம். யாராவது பார்த்தால் பார்க்கட்டும்.

இளம் தாய்மார்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பிரசவமான புதிதில் அடிவயிற்றுத் தசைகளும் கருப்பையைத் தாங்கும் தசைகளும் தளர்ந்திருக்கும். அப்போதே மண் வெட்டுவது, சட்டி சுமப்பது என்று தொடங்கினால் இடுப்பு வலி மட்டுமல்ல, கருப்பை கீழே இறங்கும் தொந்தரவுக்கும் இடமுண்டு. கூச்சப்பட்டு இதை வருஷக்கணக்கில் மறைத்து வைக்கும் பெண்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். கிராம செவிலியரிடம் கேட்டு, அவர் சரி என்ற பிறகு வேலைக்குப் போகலாம். சாதாரண இடுப்பு வலி, வேலையைக் குறைத்து மெல்ல நடமாடிக்கொண்டிருந்தாலே பெரும்பாலும் சில வாரங்களில் தணிந்துவிடும். கால் மரத்துப்போவது, பாதத்தைத் தூக்க முடியாமல் இழுப்பது, சிறுநீர் தெரியாமல் போவது அல்லது அடைத்துக்கொள்வது, இவற்றில் ஒன்று இருந்தாலும் ஒத்தடம் கொடுத்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.